கண்ணகிக்கும் மன்னனுக்கும் நடுவே மூன்றடி: பள்ளியில் நாடகப் பாடம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் ஓடும். கடைசி நாள் படுகளம். மண்ணில் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே நிற்கும். பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் விடிய விடிய அதைப் பார்த்துவிட்டு, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று மறுநாள் ஒப்பிப்பான். அவனுக்கே வகுப்பில் பன்னிரண்டு அடிச் செய்யுள் அரை மணி நேரத்தில் கசந்துபோகிறது. பழந்தமிழ் புரியாததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கூத்து விருத்தத்திலும் பழைய சொற்கள் நிறையவே உண்டு.

கூத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பாத்திரம் நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்று தன் வருகையைப் பாடி, ஆடி, அப்புறம்தான் முகம் காட்டும். பாட்டை வேஷக்காரர் பாட, பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். பாடி முடித்த பொருள் அடுத்து வசனமாக வருகிறது. இடையில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் புகுந்து, 'நீங்க யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தீங்க' என்று ராஜாவையே நிறுத்திக் கேட்கிறான். ஒரே செய்தி பாட்டாக, பின்பாட்டாக, வசனமாக, கேள்வி பதிலாக நான்கு தடவை காதில் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் வடிவம் மாறுவதால் சலிப்பதில்லை. வகுப்பில் அதே அளவு கடினமான பகுதியை ஒரு தடவை வாசித்து, பொழிப்புரையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறோம்.

உலகின் மறுபக்கத்திலும் இதே சிக்கலைப் பேசியிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜின் பெர்ஸ் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்த கால்டுவெல் குக், நாடகத்தை நடித்தே படிக்க வேண்டும் என்று 1917லேயே நூல் எழுதினார். ரெக்ஸ் கிப்சன் 1986ல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய பள்ளி ஷேக்ஸ்பியர் திட்டம் அதை வகுப்பறைப் பயிற்சிகளாக மாற்றியது. ராயல் ஷேக்ஸ்பியர் நிறுவனம் 2008ல் வெளியிட்ட அறிக்கை மூன்றே மூன்று கேட்டது: எழுந்து நின்று செய்யுங்கள், நேரில் நாடகம் பாருங்கள், சின்ன வயதிலேயே தொடங்குங்கள். இவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் திடலிலேயே நடந்துவிடுகின்றன. பாக்கி இருப்பது முதலாவதுதான்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆண்டு விழா நாடகத்தையோ கலைத் திருவிழாப் போட்டியையோ இங்கே சொல்லவில்லை. அங்கே நன்றாகப் பேசும் ஆறு பேர் மேடை ஏறுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். வகுப்பறை நடிப்பில் பார்வையாளர் என்று தனியாக யாரும் கிடையாது. நாற்பத்தைந்து பேர் இருந்தால் நாற்பத்தைந்து பேருக்கும் வாயில் வரியோ உடம்பில் வேலையோ இருக்க வேண்டும். எடுத்துக்கொள்ளும் பகுதியும் சின்னதாக இருக்க வேண்டும். முழு நாடகத்தை எடுத்தால் மனப்பாடமும் வேஷமும் மட்டும்தான் மிஞ்சும். இருபது, இருபத்தைந்து அடி போதும்.

தொடக்கத்துக்கு அதைவிடச் சின்னது வேண்டும் என்றால் நம் ஊர்ச் சரக்கே இருக்கிறது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போய்ப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். பத்து நிமிடப் பயிற்சி இது. பிள்ளைகளை இருவர் இருவராக நிறுத்துங்கள். ஒருவர் தொண்டைமான், அவருக்குப் பேச்சு இல்லை, முகம் மட்டும்தான். மற்றவர் ஔவை. முதல் தடவை உண்மையான பாராட்டாகச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை, சிரிப்பு வெளியே தெரியாத கேலியாக. தொண்டைமான் எந்த அடியில் கேலியைப் பிடித்தார் என்று நின்றுகொண்டிருந்தவரிடம் கேளுங்கள். இணைக்கு இணை பதில் மாறும், அந்த வேறுபாட்டை வைத்தே பாட்டை நடத்திவிடலாம். வஞ்சப் புகழ்ச்சி என்ற சொல்லைக் கரும்பலகையில் அதற்குப் பிறகு எழுதினால் போதும்.

இனி பெரிய பகுதி. சிலப்பதிகார வழக்குரை காதையைப் போல வகுப்பறைக்குப் பொருந்தும் காட்சி தமிழில் குறைவு. காப்பியம்தான் என்றாலும், யார் எங்கே நிற்கிறார், எப்போது அசைகிறார் என்பதை இளங்கோவடிகள் அடிகளுக்குள்ளேயே வைத்திருக்கிறார். காட்சியை ஐந்து துண்டாக்கலாம்: அரசியின் கனவு, வாயிலோன் வந்து சொல்வது, கண்ணகி தன்னை அறிவிப்பது, சிலம்பைப் பற்றிய வழக்கு, சிலம்பு உடைந்து மன்னன் வீழ்வது. குழுவுக்கு எட்டு, ஒன்பது பேர். ஒவ்வொரு துண்டும் ஒன்றரை நிமிடம் என்று வைத்தாலும் ஐந்து குழுவும் வரிசையாகச் செய்து முடிக்க எட்டு நிமிடம் போதும். எல்லாக் குழுவுக்கும் ஒரே பகுதியைக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மூன்றாவது குழு வரும்போதே வகுப்பு வேடிக்கை பார்ப்பதை நிறுத்திவிடும், ஐந்தாவது குழுவுக்கு மணி அடித்துவிடும்.

இரண்டு பீரியடு வேண்டும். முதல் பீரியடில் நடிப்பு கிடையாது, குரல் மட்டும். ஆசிரியர் அடியைச் சொல்ல, வகுப்பு பின்பாட்டாகத் திருப்பிச் சொல்கிறது. முதலில் மெதுவாக, அடுத்து கிசுகிசுப்பாக, பிறகு வகுப்பின் இரு பாதிகளும் மாறி மாறி. கிசுகிசுப்பைத் தவிர்க்கக் கூடாது. கண்ணகி என்றதும் பிள்ளைகளுக்குச் சினிமாக் கண்ணகிதான் நினைவுக்கு வருவாள், முதல் சொல்லிலேயே கத்தத் தொடங்குவார்கள். கத்தினால் 'தேரா மன்னா' என்பது மட்டும் கேட்கும். அதற்குப் பின்னால் வரும் புறாவும் பசுவும் கன்றும் சோழர் அறமும் கரைந்துபோகும். கிசுகிசுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு மெய்யும் நாக்கில் படும்.

வாயிலோன் பகுதியில் ஒரு வேலை உண்டு. நான்கே அடிகளில் ஆறு 'வாழி' வருகிறது. சேதியைச் சொல்லாமல் இத்தனை வாழ்த்து எதற்கு? இதைக் கேள்வியாகக் கேட்டால் 'மரபு' என்று பதில் வரும். வாயிலிலிருந்து அரியணை வரை நடந்துகொண்டே சொல்லச் சொன்னால் வேறு பதில் வரும்: அவனுக்கு அந்தச் சேதியைச் சொல்லப் பயம், வாழ்த்தை நீட்டித் தள்ளிப்போடுகிறான். அவன் கடைசியாகச் சொல்லும் வாழ்த்து 'பழியொடு படராப் பஞ்சவ வாழி'. சற்று நேரத்தில் கண்ணகி அதே மன்னனை 'நற்றிறம் படராக் கொற்கை வேந்தே' என்கிறாள். வாயிலோனாக நிற்பவர் இரண்டாவதைக் கேட்கும்போது தலை நிமிர்த்திப் பார்க்கட்டும். அந்த ஒரு அசைவில் இரண்டு அடிகளும் கோத்துக்கொள்ளும்.

இரண்டாம் பீரியடு தொடங்கும்போது இடம் தயாராக இருக்க வேண்டும். பெஞ்சுகளை நகர்த்த ஐந்து நிமிடம் போகும். முந்தைய பீரியடின் கடைசி நிமிடங்களிலேயே வரிசைக்கு ஒருவரைப் பொறுப்பாக்கினால் அது இரண்டு நிமிடமாகும். மேடைக்கு அளவு வேண்டுமா? சிலப்பதிகாரமே தருகிறது. அரங்கேற்று காதையில் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். கோல் என்பது இருபத்து நான்கு பெருவிரல். பெருவிரல் அகலத்தை 2 சென்டிமீட்டர் என்று வைத்தால் கோல் 48 சென்டிமீட்டர். அகலம் ஏறத்தாழ 11 அடி, நீளம் பன்னிரண்டரை அடி. பிள்ளைகள் தங்கள் பெருவிரலை அளந்து கோலைக் கணக்கிட்டுச் சாக்பீஸால் தரையில் வரைந்தால், மாதவி ஆடிய அரங்கு வகுப்பறையின் முன்பாதியில் அடங்கிவிடும். ஒவ்வொரு குழுவுக்கும் அளவு சற்று வேறுபடும், யாருடைய விரல் என்பதைப் பொறுத்து. கணக்கு ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பார்ப்பவர்கள் கூத்தில் போல மூன்று பக்கமும் தரையில் உட்காரட்டும். மரத்தடியில் செய்தால் இது இன்னும் அவசியம். திறந்த வெளியில் பிள்ளைகளின் குரல் நாலைந்து வரிசைக்கு அப்பால் போவதில்லை. காற்றுக்கு எதிராக நிறுத்தினால் அதுவும் போகாது.

பொருட்கள் நான்கு போதும்: திரைக்கு ஒரு வேட்டி, ஒரு குடை, மூடியுள்ள ஒரே மாதிரித் தகர டப்பா இரண்டு. ஒரு டப்பாவில் பத்துப் புளியங்கொட்டை, மற்றதில் ஒரு கைப்பிடி ராகி. காட்சி தொடங்கும் முன் வகுப்பைக் கண்ணை மூடச் சொல்லி இரண்டையும் குலுக்குங்கள். எது மாணிக்கப் பரல், எது முத்துப் பரல் என்று உடனே பிரித்துவிடுவார்கள். அப்படியானால் மதுரை அரண்மனையில் குலுக்கிப் பார்க்கவே ஒருவருக்கும் தோன்றவில்லையா? கண்ணகி ஏன் உடைத்தாள்? இந்தக் கேள்விக்கு ஒற்றை விடை இல்லை, அதுவே இதன் நன்மை. உடைக்கும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். டப்பாவைத் தரையில் அடிக்க விட்டால் கொட்டை கண்ணில் படும், தகர விளிம்பு காலைக் கிழிக்கும். மூடியைக் கையால் திறந்து, ஒரு கொட்டையை எடுத்து மன்னன் முகத்தருகே நீட்டினால் போதும்.

அந்த நீட்டலில்தான் தலைப்பில் சொன்ன மூன்றடி தூரம் வருகிறது. மணி மன்னனின் 'வாய்முதல் தெறித்தது' என்கிறது காப்பியம். பிள்ளைகள் கண்ணகியை வாசல் பக்கமும் மன்னனைக் கரும்பலகைப் பக்கமும் நிறுத்துவார்கள், ஏனென்றால் அரசன் தூரத்தில் இருப்பான் என்று நினைப்பு. அத்தனை தூரத்திலிருந்து மணி வாயருகே தெறிக்காது. சிலம்பை மன்னன் தானே 'முன் வைப்ப' என்றும் இருக்கிறது, ஆகவே அவனும் இறங்கி வந்திருக்க வேண்டும். இதை ஆசிரியர் சொல்லிக் கொடுக்கக் கூடாது. 'இங்கிருந்து தெறிக்குமா?' என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கினால் அவர்களே இருவரையும் படிப்படியாக நெருக்குவார்கள். எந்த அடியில் மன்னன் எழுந்தான், எந்த அடியில் கண்ணகி ஓர் எட்டு முன்வைத்தாள் என்று தகராறு வரும். புத்தகத்தைத் திறந்து அடியைக் காட்டித்தான் தீர்க்க முடியும். புரிந்து படித்தல் என்று பாடத்திட்டம் கேட்பது இந்தத் தகராறைத்தான்.

குடை பிடிப்பவரைப் பொம்மையாக நிறுத்தி வைத்துவிடுவார்கள். அவருக்கும் வேலை உண்டு. மணியைக் கண்டதும் 'தாழ்ந்த குடையன் தளர்ந்த செங்கோலன்', அதன் பிறகே 'யானோ அரசன் யானே கள்வன்' என்ற பேச்சு. வாய் திறக்கும் முன்பே குடை இறங்கிவிட்டது. முதல் துண்டில், கோப்பெருந்தேவி கண்ட கனவிலும் குடையும் கோலும் விழுகின்றன. வழக்கு நடக்கும் நேரம் முழுவதும் அரசிக்குப் பேச்சே இல்லை. கூச்சப்படும் பிள்ளைக்கு அந்தப் பாத்திரத்தைக் கொடுத்து ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: குடையை விட்டுக் கண் எடுக்காதே. மொத்தக் காட்சியின் பதற்றத்தையும் அந்த ஒரு பார்வை தாங்கும். பேசாத பாத்திரம் சின்னப் பாத்திரம் என்ற எண்ணமும் வகுப்பில் குறையும்.

'யானோ', 'யானே' இரண்டையும் இடம் மாற்றிச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். 'யானே அரசன், யானோ கள்வன்' என்றால் குற்றத்தை மறுக்கும் திமிர். ஓகாரமும் ஏகாரமும் செய்யும் வேலை இலக்கணப் பாடத்தில் பிடிபடாத பிள்ளைக்கும் இங்கே பிடிபடும்.

தடுமாறும் இடங்கள் சில எப்போதும் ஒன்றே. மன்னன் வீழும் இடத்தில் சிமெண்டுத் தரையில் தொப்பென்று விழுந்து தலையில் அடிபடும், கூடவே வகுப்பு சிரிக்கும். முட்டி, கை, தோள் என்ற வரிசையில் மெதுவாக இறங்கப் பழக்க வேண்டும். இல்லையென்றால் நாற்காலியிலேயே சாயட்டும். கண்ணகியின் நீண்ட பேச்சை நன்றாகப் பேசும் ஒருத்தியே எடுத்துக்கொள்வாள். அதை ஐந்து பேருக்குப் பிரித்து, ஒருவர் பின் ஒருவராக முன்னால் வந்து சொல்லச் செய்தால் இன்னும் வலுவாக இருக்கும். புகாரைச் சொல்லி, மாமனைச் சொல்லி, கணவனைச் சொல்லி, தன் பெயரை அவள் கடைசியில்தான் சொல்கிறாள் என்பதும் அப்போது தெரியும். ஆண் பாத்திரம் ஆணுக்குத்தான் என்ற கட்டுப்பாடு வேண்டாம். கூத்தில் பாஞ்சாலியாக ஆண்களே வேஷம் கட்டி ஆடிய மண் இது, பெண் பிள்ளை மன்னனாக நிற்பதில் என்ன வந்தது?

குழுக்கள் எதில் தொடங்குவது என்று தெரியாமல் நின்றால் நடுகல்லைச் சொல்லுங்கள். வேடியப்பன் என்று கும்பிடும் கல்லை இந்த இரு மாவட்டங்களில் பார்க்காத பிள்ளை குறைவு. ஏந்திய வில்லும் பாய்ந்த அம்பும் பக்கத்தில் மாடுகளும் என்று மாடு கவரும் சண்டையான ஆகோள் பூசல் முழுவதையும் ஒரே கல்லில் அடக்கியிருப்பார்கள். 'உங்கள் துண்டுக்கு ஒரு நடுகல் செதுக்குங்கள், யாரும் அசையக் கூடாது, ஐந்து எண்ணும்வரை' என்றால் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுவார்கள். நின்றவரின் தோளை ஆசிரியர் தொட்டால், அந்தப் பாத்திரம் அப்போது நினைப்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். பிறகு கட்டியங்காரனாக ஒரு பிள்ளையை உள்ளே விடுங்கள். மன்னனிடம் 'விசாரிக்காம ஏன் கொல்லச் சொன்னீங்க?' என்று வழக்குத் தமிழில் அவன் கேட்பான், மன்னன் காப்பியத்தில் இருக்கும் காரணத்தை வைத்தே பதில் சொல்ல வேண்டும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் வகுப்பில் கணிசமாக இருப்பார்கள். செய்யுளைத் தமிழில் சொல்லி, வசனத்தை வீட்டு மொழியில் சொல்ல விடலாம். வசனம் தடையில்லாமல் வருகிறதா என்று கேட்டாலே பொருள் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மனோன்மணீயத்துக்கு வேறு வழி. சுந்தரம் பிள்ளை 1891ல் வெளியிட்ட இந்த நாடகத்தின் வாழ்த்துப் பாடலைத்தான் பிள்ளைகள் தினமும் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடுகிறார்கள். ஐந்து அங்கம், இருபது களம், பெரும்பாலும் ஆசிரியப்பா நடை. மேடையைவிட வாசிப்புக்கே ஏற்ற நாடகம் என்பார்கள், பொருள் ஓர் அடியில் முடியாமல் அடுத்த அடிக்கு வழிந்தோடும். பிள்ளைகள் அடி முடியும் இடமெல்லாம் நிறுத்தினால் பொருள் உடைந்துபோகும். வாசித்துக்கொண்டே நடந்து, காற்புள்ளியில் நின்று, முற்றுப்புள்ளியில் திரும்பச் சொல்லுங்கள். அடி முடிவில் மட்டும் நிற்கக் கூடாது. ஒரு பக்கத்துக்குள் பழக்கம் வந்துவிடும்.

அமைச்சன் குடிலன், மன்னன் ஜீவகன் இருவரும் வரும் களத்தில் துண்டுச் சீட்டு முறை நன்றாக வேலை செய்யும். ஷேக்ஸ்பியர் காலத்து நடிகருக்கு முழு நாடகத்தையும் கொடுக்க மாட்டார்கள். தன் பேச்சும், அதற்கு முன் பேசுபவரின் கடைசி இரண்டு மூன்று சொல்லும் மட்டும்தான் கையில் இருக்கும். எட்வர்ட் அலைன் என்ற நடிகரின் அப்படியொரு சீட்டு லண்டன் டல்விச் கல்லூரியில் இன்னும் இருக்கிறது. மன்னனுக்குத் தெரியாமல் குடிலன் தனக்குள் பேசும் வரிகள் ஜீவகனின் சீட்டில் இருக்காது. ஏமாறுபவர் உண்மையிலேயே தெரியாமல் நிற்பார். சீட்டைப் பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். திருப்பும் நேரத்தில் காட்சி செத்துவிடும்.

ஆங்கிலப் பாடத்தில் சிக்கல் வேறு மாதிரி. பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்தில் இருக்கும் டெம்பஸ்ட், ஷேக்ஸ்பியர் நாடகத்தை 1807ல் லேம் உடன்பிறப்புகள் சிறுவர்களுக்காக எழுதிய கதை வடிவம். கதை தீவில் தொடங்குகிறது. நாடகமோ புயலில் சிக்கிய கப்பலில் தொடங்குகிறது. அங்கே ஒரு கப்பல்காரன், இந்த அலைகளுக்கு ராஜா என்ற பேர் ஒரு பொருட்டா என்று பிரபுக்களையே கீழே விரட்டுகிறான். அந்த முதல் காட்சியிலிருந்து பத்துப் பன்னிரண்டு சின்ன வரிகளை எடுத்துக் கரும்பலகையில் போடுங்கள். வகுப்பில் பாதிப் பேர் புயல்: உள்ளங்கை தேய்த்தல், விரல் சொடுக்கு, தொடையில் தட்டு என்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்கட்டும். மேசையில் தட்ட விட்டால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து நிற்பார். ஆசிரியர் கையைத் தூக்கினால் சத்தம் ஏறும், மூடினால் நிற்கும் என்ற அடையாளத்தை முதலிலேயே பழக்க வேண்டும். மற்ற பாதி அந்தச் சத்தத்தைத் தாண்டிக் கட்டளைகளைக் கத்த வேண்டும். ஆங்கிலம் தப்பாகிவிடுமோ என்ற பயம் புயலில் அடங்கிவிடும். பிறகு கதை வடிவத்தைப் படிக்கச் சொல்லி, கப்பல்காரன் எங்கே போனான் என்று கேளுங்கள்.

போர்ஷன் முடியாது என்பது எல்லோரும் சொல்லும் தடை. அதில் நியாயம் இருக்கிறது, எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது. பருவத்துக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று பீரியடுதான் செலவு. மனப்பாடப் பகுதியாக வரும் அடிகளைத் தேர்ந்தெடுத்தால் அதற்குத் தனியாக நேரம் வேண்டியதில்லை, பின்பாட்டிலேயே பாதி மனதில் ஏறிவிடும்.

நடிப்புக்கு மதிப்பெண் போட வேண்டாம். போட்டால் குரல் பெரிதாக இருப்பவருக்கே போகும். நடித்து முடித்த மறுநாள் கால் பக்கம் எழுதச் சொல்லி அதற்குப் போடலாம். கேள்வி குறிப்பாக இருக்கட்டும்: மன்னன் பேசும் முன்பே குடை ஏன் தாழ்ந்தது? வாயிலோன் ஏன் ஆறு முறை வாழ்த்தினான்? உங்கள் குழு கண்ணகியை எந்த அடியில் முன்னால் நகர்த்தியது, அந்த அடியை எழுதிக் காரணம் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு நோட்ஸில் விடை கிடைக்காது. விடை எழுதாமல் விடும் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் பீரியடின் குரல் பயிற்சிக்கு வராதவர்களாக இருப்பார்கள். அவர்களை அடுத்த பகுதியில் வாயிலோன் குழுவில் போடுங்கள், சின்ன அடிகளும் நிறையத் திரும்பச் சொல்லலும் அங்கேதான் இருக்கின்றன.